பெருங்கணிப்பொறியின் ஏடுகளைக் காத்தல்



ஒரு பள்ளிக்கூடத்தில் எத்தனையோ ஏடுகள் உண்டு. மாணவர் எழுதும் குறிப்பேடு உண்டு; ஆசிரியர் எழுதும் பாடக்குறிப்பேடு உண்டு; நாள்தோறும் புரளும் வருகைப் பதிவேடும் உண்டு. இவற்றுள் ஒன்று கெட்டால் ஒருவருக்கோ ஒரு வகுப்புக்கோதான் இடையூறு. ஆனால், தலைமையாசிரியர் அறையின் இரும்பு அலமாரியில் சேர்க்கைப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. ஒரு பிள்ளையின் பெயரும் பிறந்த நாளும் முதன்முதலில் அதில்தான் ஏறும். பின்னாளில் எழுதப்படும் சான்றிதழ்கள் எல்லாம் அதைப் பார்த்தே எழுதப்படுபவை. அதில் ஓர் எண்ணை ஒருவன் திருத்திவிட்டால், அதன்பின் நேர்மையாக எழுதுகிறவரின் கையும் பொய்யையே எழுதும். அதனாலேயே அந்த அலமாரியின் சாவியை நான் பணியிலிருந்த காலமெல்லாம் பிறர் கையில் கொடுத்ததில்லை.

இன்று நான் பேச வந்தது பள்ளிப் பதிவேட்டைப் பற்றியன்று. மெயின்ஃபிரேம் என்று வழங்கும் பெருங்கணிப்பொறியைப் பற்றியது. அதற்கும் இத்தகைய ஏடுகள் உண்டு. அவற்றை எவ்வாறு காத்தனர், எங்கே கோட்டை விட்டனர், பின்னர் எவ்வாறு திருத்திக்கொண்டனர் என்பதைச் சொல்ல விரும்புகிறேன். கணிதம் கற்பித்தவன் நான். கணிப்பொறி வல்லுநன் அல்லன். எனினும், என் தமையனார் ஒரு பெருங்கணிப்பொறியை இயக்கும் பணியில் இருந்தவர். எனக்குத் தெரிந்தவற்றுள் பாதி அவரிடம் கேட்டது. மீதி, அவர் விட்டுச் சென்ற குறிப்பேட்டால் தூண்டப்பட்டுப் படித்தது.

அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஆம் ஆண்டு ஏப்ரல் 7 ஆம் நாள் சிஸ்டம் 360 என்ற கணிப்பொறி வரிசையை அறிவித்தது. சிறியதும் பெரியதுமாகப் பல பொறிகள் ஒரே கட்டளை மொழியைப் பேசும் குடும்பமாக அவை அமைந்தன. அவற்றை ஆளும் மென்பொருளுக்கு ஓ.எஸ். 360 என்று பெயர். அதில் சேமிக்கப்பட்ட ஒவ்வொரு தொகுதியையும் டேட்டா செட் என்றனர். தரவுத் தொகுதி என்று தமிழில் சொல்லலாம். நான் இப்பேச்சில் சுருக்கமாக ஏடு என்றே சொல்கிறேன்.

ஊதியக் கணக்கு ஓர் ஏடு. காப்பீட்டுக் கணக்கு மற்றோர் ஏடு. இவை மக்களின் ஏடுகள். பொறியின் சொந்த ஏடுகள் வேறு. அவற்றின் பெயர்கள் ‘சிஸ்1’ என்று தொடங்கும். சிஸ்1.நியூக்ளியஸ் என்பதில் ஆளும் மென்பொருளின் கரு இருக்கும். காலையில் பொறியை எழுப்பும்போது முதலில் நினைவகத்தில் ஏறுவது அதுவே. சிஸ்1.லிங்க்லிப் என்பதில் எல்லாரும் பயன்படுத்தும் பொது நிரல்கள் இருக்கும். சிஸ்1.ப்ராக்லிப் என்பதில் வழக்கமான பணிகளுக்குரிய நடைமுறைகள் எழுதப்பட்டிருக்கும். இவைதாம் பொறியின் சேர்க்கைப் பதிவேடுகள். ஊதிய ஏட்டைக் கெடுத்தவன் ஊதியத்தைக் கெடுத்தான். லிங்க்லிப்பைக் கெடுத்தவனோ அதை நம்பி ஓடும் அத்தனை வேலைகளையும் கெடுத்தவன் ஆவான்.

இவற்றுக்குத் தொடக்கத்தில் என்ன காவல் இருந்தது? முதற்காவல், வன்பொருளிலேயே அமைந்த ஒன்று. நினைவகத்தை 2,048 எழுத்திடங்கள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 15 வரையில் ஒரு சாவி எண்ணைக் கொடுத்தனர். 5 ஆம் எண்ணுடைய நிரல் 6 ஆம் எண்ணுடைய கட்டத்தில் எழுத முயன்றால் பொறி தடுத்துவிடும். 0 என்பது ஆளும் மென்பொருளுக்குரிய எண். அதற்கு எல்லாக் கதவும் திறக்கும். இந்தச் சுழியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் நடுவில் மீண்டும் வரும்.

ஆனால், இஃது நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பவற்றுக்கான காவலே. வட்டிலும் நாடாவிலும் உறங்கும் ஏடுகளை யார் காப்பது? அங்கே பெரும்பாலும் மனிதர்கள்தாம் காவல். காந்த நாடாச் சுருளின் பின்புறத்தில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தைப் பொருத்தினால்தான் நாடாவில் எழுத முடியும். வளையத்தைக் கழற்றிவிட்டால் படிக்கலாம், எழுதவொண்ணாது. ‘வளையம் இல்லையேல் எழுத்து இல்லை’ என்பது அக்காலத்து இயக்குநர்களின் பாலபாடம். மேலும், ஏட்டின் முகப்பிலே இன்ன நாள் வரையில் இதை அழிக்கலாகாது என்று ஒரு நாளைக் குறித்துவைக்கலாம். அந்த நாளுக்கு முன் அதன்மேல் எழுத யாரேனும் முனைந்தால், பொறி உடனே செய்யாது, இயக்குநரைக் கேட்கும். ‘காலம் இன்னும் முடியவில்லை. இதையே பயன்படுத்தவா, கழற்றிவிடவா?’ என்று அவர்முன் ஒரு செய்தி அச்சாகும். ‘யு’ என்ற எழுத்தைத் தட்டினால் எழுதிவிடும். ‘எம்’ என்ற எழுத்தைத் தட்டினால் நாடாவை இறக்கிவிடும்.

வளையம் ஒன்று, கேள்வி ஒன்று. இரண்டு காவல்கள் இருந்தும் என்ன நேர்ந்தது என்பதைச் சொல்கிறேன்.

1982 ஆம் ஆண்டு. நான் அப்போது பி.எட். பயின்றுகொண்டிருந்தேன். 1978 இல் ஐ.பி.எம். நம் நாட்டை விட்டு வெளியேறிய பின்னும், அதன் பழைய பொறிகள் பல இங்கே ஓடிக்கொண்டுதான் இருந்தன. என் தமையனார் அத்தகைய பொறி ஒன்றில் இரவு முறை பார்த்துவந்தார். அந்த நிலையத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே, கணிப்பொறியின் சொந்த ஏடுகள் இருந்த வட்டினை அப்படியே ஒரு நாடாவில் படியெடுத்து வைத்திருந்தனர். வட்டு கெட்டால் அந்த நாடாவிலிருந்து மீட்டுக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. படியெடுத்தவர் வளையத்தைக் கழற்ற மறந்துவிட்டார். சில நாட்கள் கழித்து, ஒரு நிரலர் தம் வேலைக்கு நாடா எண்ணைக் குறிக்கும்போது ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதிவிட்டார். அந்த எண்ணுக்குரிய நாடாவைத் தமையனார் எடுத்து மாட்டினார். பொறி கேட்டது: ‘காலம் முடியவில்லை, பயன்படுத்தவா, கழற்றவா?’

அன்றிரவு மட்டும் அந்தக் கேள்வி இருபது முறைக்குமேல் வந்திருந்ததாம். பெரும்பாலும் பயனற்ற பழைய நாடாக்களைப் பற்றியே அது கேட்கும்; எல்லாவற்றுக்கும் ‘யு’ என்பதே விடை. இதற்கும் அவர் விரல் ‘யு’ என்றே தட்டியது.

உடனே ஒன்றும் தெரியவில்லை. மூன்று வாரங்களுக்குப் பின் அந்த வட்டு பழுதுற்றது. வட்டின்மேல் மயிரிழை உயரத்தில் மிதந்து செல்லவேண்டிய எழுதுமுனை அதில் உரசிவிட்டது. நாடாவைக் கொணர்ந்தனர், அதிலோ யாரோ ஒருவரின் சோதனைக் கணக்குகள் இருந்தன. அரையாண்டுக்கு முந்தைய படி ஒன்று வேறோர் அலமாரியில் அகப்பட்டது. அதை வைத்து, இடையில் செய்த மாற்றங்களை எல்லாம் மீண்டும் செய்து முடிக்க நான்கு நாட்கள் ஆயின. அது மாதக் கடைசி. அந்த மாத ஊதியம் பலருக்கு ஒரு வாரம் தாழ்ந்தே கிடைத்தது. அன்றாடம் கடையில் கணக்கு வைத்து அரிசி வாங்கும் குடும்பங்களுக்கு ஒரு வாரம் என்பது என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

தமையனாரிடம் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. வளையத்தைக் கழற்றாதவரைப் பற்றியோ, எண்ணைப் பிழையாக எழுதியவரைப் பற்றியோ அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. என்னிடம் மட்டும், “தம்பி, அந்தப் பொறி என்னைக் கேட்டது. நான்தான் படிக்காமல் பதில் சொன்னேன்” என்றார். அதன்பின்தான் அந்தக் குறிப்பேட்டைத் தொடங்கினார். பொறி சொல்லும் ஒவ்வொரு செய்தி எண்ணையும், அதன் பொருளையும் தம் அழகிய கையெழுத்தில் எழுதிவைத்தார். ஒரு பக்கத்தில், ‘913 – ஏடு திறக்க மறுப்பு, கடவுச்சொல் தவறு’ என்று இருக்கிறது.

நிற்க. கடவுச்சொல் என்றேனல்லவா? அதுவும் அக்காலத்தில் இருந்த ஒரு காவலே. ஓர் ஏட்டுக்கு எட்டு எழுத்துகள் வரையில் கடவுச்சொல் வைக்கலாம். ஒரு வேலை அந்த ஏட்டைத் திறக்க முற்பட்டால், கடவுச்சொல்லைத் தருமாறு பொறி இயக்குநரைக் கேட்கும். இரண்டு வாய்ப்புகள் தரும். இரண்டும் தவறினால் வேலையை 913 என்ற எண்ணுடன் நிறுத்திவிடும். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால், கடவுச்சொல்லை அறிந்தவர் வேலைக்கு உரியவர், தட்டுபவரோ இயக்குநர். ஆதலின் மறைச்சொல் ஒரு துண்டுத் தாளில் எழுதப்பட்டு, கை மாறி, மேசைமேல் கிடக்கும். கேள்வித்தாள் கட்டின் அரக்கு முத்திரையைக் காத்துவிட்டு, கேள்விகளைக் கரும்பலகையில் எழுதிவைத்ததற்கு ஒப்பானது இது.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறொன்று. ஒவ்வொரு வட்டிலும் அதிலுள்ள ஏடுகளின் பட்டியல் ஒன்று இருக்கும். ஏடு ஒன்றுக்கு 140 எழுத்திடங்கள் கொண்ட சிறு பதிவு. இந்த ஏட்டுக்குக் கடவுச்சொல் உண்டு என்பதைக் காட்ட அதில் ஒரு சிறு குறி இடப்பட்டிருக்கும். அந்தக் குறி இருந்தால்தான் பொறி கடவுச்சொல்லைக் கேட்கும். இல்லையேல் கேளாமலே திறக்கும். வட்டில் எந்த இடத்திலுள்ள எழுத்தையும் நேரே மாற்றவல்ல பழுதுபார்க்கும் நிரல் ஒன்று இருந்தது. சூப்பர்ஸாப் என்று அதனை அழைத்தனர். பொறியைப் பழுதுபார்க்க அஃது இன்றியமையாதது. அது கையில் உள்ளவன் கடவுச்சொல்லை ஏன் தேட வேண்டும்? அந்தக் குறியை அழித்துவிட்டுப் போகலாம். பூட்டு வலியதுதான், ஆனால், பூட்டு உண்டு என்று கதவில் எழுதியிருப்பதைப் பார்த்தே காவலன் பூட்டை நினைத்துக்கொள்கிறான்!

இன்னொன்றும் கேளுங்கள். பல நிலையங்களில் இருந்த தேர்ந்த நிரலர்கள், தங்கள் வேலை எளிதாக வேண்டும் என்பதற்காகச் சிறு வாயில் ஒன்றை ஆளும் மென்பொருளுக்குள் தாங்களே அமைத்துக்கொண்டனர். அதை அழைக்கும் நிரலுக்குச் சற்றுமுன் நான் சொன்ன சுழியச் சாவி கிடைத்துவிடும். கெட்ட எண்ணம் இல்லை, சோம்பல்தான். நம் கிராமங்களில் வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை எரவாணத்தில் செருகிவிட்டுப் போவார்கள் அல்லவா? வீட்டாருக்கு மட்டுமே தெரியும் என்று எண்ணுவார்கள். ஊர் முழுவதும் அறிந்திருக்கும். இந்த வாயில்களும் அப்படியே.

ஏடுகளுக்குத் தனித்தனியாகப் பூட்டுப் போடுவதால் பயனில்லை. பூட்டைக் காக்கும் ஆளும் மென்பொருளே முதலில் உறுதியாக இருக்க வேண்டும் என்ற தெளிவு 1970களில் பிறந்தது. என்னுடைய எண்ணத்தில், பெருங்கணிப்பொறியின் வரலாற்றில் வேகமும் அளவும் பெருகியதைவிட இதுவே பெரிய செய்தி. 1973 இல் ஐ.பி.எம். ஓர் உறுதிமொழி கொடுத்தது. உரிமை பெறாத நிரல் எதுவும் ஆளும் மென்பொருளின் காவலைத் தாண்ட வழியிருக்கலாகாது. இருப்பதாக எவரேனும் காட்டினால் அதைத் தன் குறையாக ஏற்றுத் திருத்துவதாக அந்நிறுவனம் சொன்னது. விற்றவனே, ‘பூட்டு திறந்துகொண்டால் என்னிடம் வா’ என்று பொறுப்பேற்றது அக்காலத்தில் எளிய செயல் அன்று.

இதனோடு அங்கீகார முறை ஒன்றும் வந்தது. சுழியச் சாவியைக் கேட்டுப் பெறும் உரிமை, குறிப்பிட்ட சில நூலகங்களில் உள்ள, அதற்கென்று குறியிட்ட நிரல்களுக்கு மட்டுமே உண்டு என்று வரையறுத்தனர். லிங்க்லிப் அத்தகைய நூலகங்களுள் ஒன்று. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். இந்த முறை வந்தபின் லிங்க்லிப்பின் காவல் முன்னிலும் இன்றியமையாதது ஆகிவிட்டது. அதில் எழுதும் உரிமை ஒருவனுக்கு இருந்தால், தான் விரும்பிய நிரலை அங்கே வைத்து, பொறியின் முழு அதிகாரத்தையும் அவன் பெற்றுவிடலாம். ஆகவே, அந்த ஏட்டை எல்லாரும் படிக்கலாம். எழுதுபவர் விரல்விட்டு எண்ணத்தக்கவராகவே இருத்தல் வேண்டும்.

1976 இல் ஐ.பி.எம். ராக்ஃப் என்ற காவல் மென்பொருளை வெளியிட்டது. யார், எந்த ஏட்டை, படிக்கவா எழுதவா உரிமை பெற்றவர் என்பதை ஓரிடத்தில் எழுதிவைத்துக் கேட்கும் முறை அது. ஆனால், எந்த ஏட்டைக் காக்கும்படி சொன்னார்களோ அதை மட்டுமே அது காத்தது, சொல்லாததை விட்டுவிட்டது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பாரி ஷ்ரேகர் என்பவர் இதை ஒப்பவில்லை. ஷேர் என்ற பயனர் சங்கத்தின் பாதுகாப்புக் குழுவில் முன்னின்று உழைத்தவர் அவர். எல்லா ஏடுகளும் பிறந்தபோதே காக்கப்பட்டவையாக இருக்க வேண்டும். திறந்துவிடுவதற்குத்தான் கட்டளை வேண்டும், மூடுவதற்கு அன்று என்பது அவருடைய கொள்கை. அவரும் தோழர் இருவரும் சேர்ந்து 1978 இல் ஏ.சி.எஃப்.2 என்ற மென்பொருளை அவ்வாறே அமைத்து வெளியிட்டனர். பின்னர் ராக்ஃப்பிலும் அந்த வழி இடம்பெற்றது. தேர்வு அறையில், ‘இவரிவர் மட்டும் பார்த்து எழுதலாகாது’ என்று பெயர் பட்டியல் போடும் மேற்பார்வையாளரை நீங்கள் கண்டதுண்டா?

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணாதீர்கள். சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் தம் மடிக்கணினியுடன் வீட்டுக்கு வந்தார். பெருங்கணிப்பொறியைப் போலவே நடிக்கும் ஹெர்குலிஸ் என்ற மென்பொருளும், அதற்குள் எம்.வி.எஸ். 3.8 என்ற பழைய ஆளும் மென்பொருளும் அதில் ஓடின. தமையனார் காலத்துப் பொறி முழுவதும் ஒரு பையில் அடங்கிவிட்டது! அந்தப் பழைய மென்பொருளுக்கென்று ஆர்வலர்கள் தொகுத்துவைத்த ராக்ஃப் போன்ற சிறு காவல் நிரல் ஒன்றையும் அவர் நிறுவியிருந்தார்.

“ஐயா, நேற்று விதிகளை எல்லாம் எழுதிவிட்டேன். ஆனாலும் விருந்தினர் பெயரில் நுழைந்தால் எதையும் படிக்க முடிகிறது. என்ன தவறென்று தெரியவில்லை” என்றார்.

அவர் காட்டியது சிஸ்1.யூஏடிஎஸ் என்ற ஏடு. பொறியைப் பயன்படுத்துவோரின் பெயர்களும் கடவுச்சொற்களும் அந்தப் பழைய மென்பொருளில் அங்கேதான் இருக்கும். ஏனைய ஏடுகளை எல்லாரும் படிக்கலாம், எழுதலாகாது. இதையோ பிறர் படிக்கவும் கூடாது. விதியில் அவ்வாறே எழுதியிருந்தார். இருந்தும் கதவு திறந்தே கிடந்தது.

நான் உள்ளே சென்று தமையனாரின் குறிப்பேட்டை எடுத்துவந்தேன். வட்டின் பட்டியலில் உள்ள சிறு குறியைப் பற்றி அவர் எழுதியிருந்த பக்கத்தைக் காட்டினேன். அது கடவுச்சொல்லுக்கான குறி. ஆனால், மாணவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. அந்தப் பழைய மென்பொருளில், ஏட்டின் பதிவிலே காவலுக்குரிய குறி இருந்தால்தான் பொறி காவல் நிரலை அழைத்துக் கேட்கும். குறி இல்லையேல் விதிகள் எவ்வளவு கடுமையாக இருப்பினும் அவற்றை எவரும் புரட்டிப் பார்ப்பதில்லை. அவர் விதிகளை எழுதினார், குறிகளை இடவில்லை.

உடனே இடத் தொடங்கினார். நான் தடுத்தேன். “தம்பி, பொறி காலையில் தானே எழுந்து தன் ஏடுகளைத் திறக்குமே, அதற்கு உரிமை எழுதியிருக்கிறாயா? உன் பெயருக்கு?” என்று கேட்டேன். அலமாரிச் சாவியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ஒருநாள் முழுவதும் கொல்லனுக்காகக் காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. அவர் சிரித்தார். பிறகு வட்டுகளை முதலில் படியெடுத்துத் தனியே வைத்தார். பொறியின் சொந்தப் பணிகளுக்கு உரிமை எழுதினார். அதன்பின் ஒவ்வோர் ஏடாகக் குறியிட்டார். ஒன்றை மூடியதும் பொறியை நிறுத்தி, மீண்டும் எழுப்பிப் பார்த்தபிறகே அடுத்ததற்குப் போனார். மாலை ஆகிவிட்டது.

கடைசியாக, விருந்தினர் பெயரில் நுழைந்து அந்த ஏட்டைத் திறந்து பார்க்கும்படி விசைப்பலகையை என்பக்கம் தள்ளினார். நான் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினேன். திரையில் ஒரு வரி வந்தது. அதன் நடுவில் 913 என்று இருந்தது.